ஜீனிக் கணக்கு: எடை குறைக்க உணவை எழுதிவருவோருக்கு ஒரு டெல்டா வழிகாட்டி

எங்கள் பக்கம் ‘சுகர்’ என்றால் நோய். ‘ஜீனி’ என்றால் டப்பாவில் வெள்ளையாக இருப்பது. ‘சர்க்கரை’ என்றால் பெரும்பாலும் நாட்டுச்சர்க்கரை. மூன்று பெயர் இருப்பதால் கணக்கும் மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. “எனக்குத்தான் சுகர் இல்லையே, நான் எதுக்கு எண்ணணும்?” என்பார் ஒருவர். “நான் ஜீனியே தொடுறதில்ல, சர்க்கரைதான் போட்டுக்குறேன்” என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே எடை குறைய வேண்டும் என்று சாப்பிட்டதையெல்லாம் போனில் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள்தான்.

நானும் அப்படித் தொடங்கியவள். சுவாமிமலைப் பக்கம் வீடு. காலையில் எத்தனை இட்லி, மத்தியானம் எத்தனை கரண்டி சோறு என்று ஒழுங்காக எழுதினேன். காபியை மட்டும் ‘காபி 1’ என்று எழுதிவிட்டுப் போனேன். இரண்டு மாதம் எடை அசையவில்லை. தராசை வாங்கி அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: நம் ஊரில் ஜீனி இலையில் வருவதைவிட டம்ளரில் வருவதுதான் அதிகம். டம்ளரைப் பிடித்துவிட்டால் இலையில் விழும் சர்க்கரைப் பொங்கலைத் துறக்க வேண்டியதில்லை. அதைச் செய்வது எப்படி என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக ஜீனியையும் சோற்றையும் சட்டென்று குறைக்க வேண்டாம். மருந்தின் அளவு அப்படியே இருக்க உணவு குறைந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருத்துவரிடம் கேட்டு, மருந்தையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே.

முதல் படி: உங்கள் அளவைத் தீர்மானியுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு இது: ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் ‘சேர்க்கும் சர்க்கரை’ இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. இதில் நாம் போடும் ஜீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், பழச்சாறு எல்லாம் அடக்கம். பாலில் தானாக இருக்கும் இனிப்பும், முழுப்பழமாகக் கடித்துத் தின்னும்போது வரும் இனிப்பும் சேராது.

ஒரு கிராம் ஜீனிக்கு 4 கலோரி. நீங்கள் ஒரு நாளைக்கு 1,500 கலோரி என்று வைத்திருந்தால் 10 சதவீதம் 150 கலோரி, அதாவது 37 கிராம் சொச்சம். 5 சதவீதம் என்றால் 19 கிராம். நான் நடுவில் 25 கிராம் என்று வைத்துக்கொண்டேன். 19 என்று தொடங்கினால் மூன்றாம் நாளே மனம் விட்டுப்போகிறது; 37 என்றால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. 25 கிராம் என்பது தலைதட்டிய சின்ன ஸ்பூனில் ஏறக்குறைய ஆறு.

இந்த 25 கிராம் உங்கள் 1,500 கலோரிக்கு வெளியே கிடைக்கும் தனி ஒதுக்கீடு அல்ல. கல்லணையில் வந்து சேரும் தண்ணீர்தான் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. ஒன்றில் கூடுதலாகத் திறந்தால் இன்னொன்றில் குறையும். ஜீனிக்குப் போன கலோரி சோற்றிலோ பருப்பிலோ எண்ணெயிலோ குறைந்தாக வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள் வீட்டு ஸ்பூனை அளந்து பாருங்கள்

‘ஒரு ஸ்பூன் 4 கிராம்’ என்று எல்லா ஆப்பிலும் இருக்கும். அது தலைதட்டிய ஸ்பூன். நம் வீட்டில் ஜீனி டப்பாவுக்குள் கிடக்கும் ஸ்பூனை யாரும் தலைதட்டுவதில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கிண்ணத்தை வைத்து, எப்போதும் போடுகிற மாதிரியே பத்து ஸ்பூன் போட்டு, வந்ததைப் பத்தால் வகுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன் 6 கிராம் வந்தது. இரண்டு ஸ்பூன் போட்ட காபிக்கு நான் 8 கிராம் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே போனது 12. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் என்றால் 48 கிராம். இனிப்பு என்று ஒன்றையும் வாயில் வைக்காமலே என் அளவைப் போல் இரண்டு மடங்கு!

தராசு இல்லாதவர்களுக்கும், ‘நான் ரொம்பக் கம்மியாத்தான் போடுறேன்’ என்று நம்புகிறவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. மாதம் முதல் தேதி டப்பாவை நிரப்பிவிட்டு, அந்த மாதம் வீட்டுக்கு வந்த ஜீனி முழுவதையும் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் ரேஷனில் 2 கிலோ, கடையில் 2 கிலோ. நான்கு பேர், முப்பது நாள். 4,000 கிராமை 120-ஆல் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 கிராம். இதில் வெல்லம் இல்லை, பிஸ்கட் இல்லை, வெளியே குடித்த டீ இல்லை. வீட்டில் யாரையும் குற்றம் சொல்லாமல் எல்லாருக்கும் நிலவரத்தைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. எங்கள் அத்தையே டப்பா மேல் தேதி எழுத ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஆப்பாக இருந்தாலும் சரி, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமாக இருந்தாலும் சரி. குடித்த உடனே எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்தால் மூன்று மணி டீயும், பக்கத்து வீட்டில் கொடுத்த அரை டம்ளரும், குழந்தை மிச்சம் வைத்த ஹார்லிக்ஸும் நினைவுக்கு வராது. இந்த வாரம் குறைக்க முயல வேண்டாம். குறைத்துக்கொண்டே எழுதினால் உண்மையான தொடக்க அளவு கடைசிவரை தெரியாது.

நான்காம் படி: ஆப் காட்டும் ‘சுகர்’ எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

நிறையப் பேர் மனம் தளர்ந்து எழுதுவதையே விட்டுவிடுவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான ஆப்களில் ‘சுகர்’ என்ற இடத்தில் மொத்தச் சர்க்கரையைத்தான் காட்டுவார்கள். பாலில் இருக்கும் லாக்டோஸும் பழத்தின் இனிப்பும் அதிலேயே சேர்ந்துவிடும். 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 12 கிராம். ஒரு நாளில் 100 மில்லி பால் சேர்த்த காபி மூன்று, ஒரு கிண்ணம் தயிர், 100 கிராம் பூவன்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை ஜீனிகூடப் போடாமலே 30 கிராமைத் தாண்டிச் சிவப்புக் கோடு காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பழத்தை நிறுத்திவிட்டுப் பிஸ்கட்டைத் தொடர்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஆப்பில் ‘காபி’ என்று தயாராக இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாலைத் தனியாக, ஜீனியைத் தனியாக ஏற்றுங்கள். நாளின் முடிவில் ஜீனி, வெல்லம், தேன், பாக்கெட் தின்பண்டம், சிரப், சாறு இவற்றிலிருந்து வந்ததை மட்டும் கூட்டி ஒரு மூலையில் எழுதுங்கள். உங்கள் 25 கிராமோடு ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். பால், பழத்தின் கலோரி மட்டும் மொத்தக் கணக்கில் நிற்கும். அதை நீக்கக் கூடாது.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி பற்றி இங்கேயே பேசிவிடலாம். மணம் உண்டு, குணம் உண்டு, நம் மண்ணின் பொருள். ஆனால் கலோரியில் ஜீனிக்கும் இவற்றுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதில் இருக்கும் சத்துகளும் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூனில் பெரிதாகச் சேர்ந்துவிடாது. பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்; அதே அளவு எழுதுங்கள். நாட்டுச்சர்க்கரைக்கு இனிப்பு போதவில்லை என்று ஒரு ஸ்பூன் கூட்டிப் போடும் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். தேன் விஷயத்தில் இன்னொன்று: தேன் கனமானது. ஒரு ஸ்பூன் தேன் 7 கிராம் நிற்கும். அதில் 6 கிராம்போல் சர்க்கரை. காலையில் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் தேன் விட்டுக் குடித்தால் நாளின் பாதி அளவு பல் துலக்கிய கையோடு முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: டம்ளரைக் குறையுங்கள்

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இரண்டு ஸ்பூன் போடுகிறவர் பத்து நாள் ஒன்றரை, அடுத்த பத்து நாள் ஒன்றேகால், பிறகு ஒன்று என்று இறங்குங்கள். நாக்கு பழகும். திருநாகேஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியம் முழுக்க உப்பில்லாமல்தான் செய்கிறார்கள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ருசித்துச் சாப்பிடுகிற ஜனங்கள் நாம். ஜீனி குறைந்த காபிக்கும் அந்தப் பொறுமையைக் கொடுக்கலாம்.

குறைக்கும்போது காபி நன்றாக இருக்க வேண்டும். இது முக்கியம். சிக்கரி அதிகமாக இருந்தாலோ, காலையில் இறக்கிய டிக்காஷனைச் சாயங்காலம் மறுபடி சூடுபண்ணினாலோ கசப்பு ஏறும். கசப்பை மறைக்கத்தான் கை ஜீனிக்குப் போகிறது. சிக்கரி குறைந்த தூளாக வாங்குங்கள், குடிக்கும் வேளைக்கு மட்டும் டிக்காஷன் இறக்குங்கள், பாலில் தண்ணீர் கலக்காதீர்கள். நல்ல பாலுக்கே ஒரு இனிப்பு உண்டு. கும்பகோணம் டிகிரி காபிக்குப் பெயர் வந்ததே தண்ணீர் கலக்காத அந்தப் பாலால்தான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். டம்ளரையும் சின்னதாக்குங்கள். 150 மில்லியிலிருந்து 100 மில்லிக்கு வந்தால் பால் கலோரியும் சேர்ந்து இறங்கும்.

கடையில் “அண்ணே, ஜீனி கம்மி” என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். கடைக்காரரின் கம்மி ஒன்று, நம்முடைய கம்மி ஒன்று. “ஜீனி இல்லாம ஒண்ணு, ஜீனி தனியா குடுங்கண்ணே” என்று கேளுங்கள். சில கடைகளில் பாலிலேயே ஜீனியைப் போட்டுக் காய்ச்சிவிடுவார்கள். அங்கே கேட்டுவிட்டு ஜீனி போடாத பால் இல்லையென்றால் கடுங்காபியோ பிளாக் டீயோ சொல்லுங்கள்.

வீடு வீடாகக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகும் நாள்தான் கஷ்டமான நாள். எட்டு வீடு, எட்டு டம்ளர். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடும். நான் படியேறும்போதே “சித்தி, மோர் இருந்தா குடுங்க, வெயில் தாங்கல” என்று கேட்டுவிடுவேன். கேட்டு வாங்கிக் குடித்தால் கொடுக்கிறவர்களுக்கும் நிறைவு.

நான்கு டம்ளர், 48 கிராம் என்று இருந்தது பாதியானால் நாளுக்கு 96 கலோரி மிச்சம்; மாதத்துக்கு ஏறக்குறைய 2,900. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்று உத்தேசமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இது மாதம் கால் கிலோவுக்கு மேல், அரைக் கிலோவுக்குக் கீழ். ஜீனியை மட்டும் குறைத்துப் பத்து கிலோ இறக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கலர் பானம் வேறு கதை. கோலா வகை பானங்களில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் இருக்கும். 250 மில்லி பாட்டில் ஒன்று உங்கள் நாளை முடித்துவிடும். ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் எல்லாம் சிரப்தான்; சிரப் என்றாலே பெரும்பங்கு ஜீனி. பஸ் ஸ்டாண்ட் வாசலில் பிழிந்து தரும் கரும்புச் சாறும் முழு டம்ளர் குடித்தால் அப்படித்தான். தைப் பொங்கலுக்குக் கரும்பைக் கடித்துத் தின்பது வேறு: இரண்டு துண்டுக்குள் தாடை வலித்துவிடும். சாறாக்கினால் அந்தத் தடை போய்விடுகிறது.

ஜீனிக்குப் பதிலாக வரும் செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அல்ல. அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும். என் அனுபவத்தில் அது நாக்கைப் பழைய இனிப்பிலேயே கட்டிவைத்தது, விட்டுவிட்டேன்.

ஆறாம் படி: பாக்கெட்டின் பின்பக்கம்

இந்தியாவில் உணவுப் பாக்கெட்டுகளில் மொத்தச் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரையையும் தனித்தனியே அச்சிட வேண்டும் என்பது விதி. சேர்த்த சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள். அது 100 கிராமுக்கா, ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கா என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். ஜீனி இரண்டாவதாக இருந்தால் யோசித்து வாங்குங்கள். லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் எல்லாமே சேர்த்த சர்க்கரையின் வேறு வடிவங்கள்தான். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் பவுடரைக் கட்டாயம் பாருங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் போட்டு விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

ஏழாம் படி: இலையில் வரும் இனிப்பு

ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் படைத்த காப்பரிசி, கார்த்திகைப் பொரி உருண்டை, விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை, மார்கழி விடியலில் தொன்னையில் கைக்கு வரும் சர்க்கரைப் பொங்கல். இவற்றை வேண்டாமென்று ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை. வாரத்துக்கு 175 கிராம் என்று கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் 18 கிராமில் நின்றால் ஏழாம் நாளுக்கு 67 கிராம் இருக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல: முறை இல்லாத நாளில் மதகை மூடினால்தான் முறை வரும் நாளில் வயல் நிறையும்.

வீட்டில் செய்யும் இனிப்பை ஏற்றும் விதத்தை ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். சர்க்கரைப் பொங்கலையே எடுத்துக்கொள்வோம். அரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50, வெல்லம் 400, நெய் 100. அரிசிக்கு 700 கலோரி, பருப்புக்கு 170, வெல்லத்துக்கு 1,500, நெய்க்கு 900. முந்திரியைச் சேர்க்காமலே ஏறக்குறைய 3,300. இறக்கியதும் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு நிறுங்கள். ஒன்றரை கிலோ வந்தால் 100 கிராமுக்கு 220 கலோரி, வெல்லம் 27 கிராம். ஒரு கரண்டியோடு அன்றைய சாதாரண அளவு முடிந்தது. இரண்டு கரண்டி என்றால் சேமித்து வைத்ததிலிருந்து எடுக்கிறீர்கள். இதை ஒரு முறை ஆப்பில் ‘எங்கள் வீட்டுப் பொங்கல்’ என்று சேமித்துவிட்டால் வருடம் முழுவதும் உதவும்.

இந்தக் கணக்கில் நெய்யைக் கவனியுங்கள். திருவையாற்று அசோகாவிலும் அப்படித்தான்: பாசிப்பருப்பு, ஜீனி, அதற்கு மேல் நெய். ஜீனிக்கு கிராமுக்கு 4 கலோரி என்றால் நெய்க்கு 9. ஜீனி அளவுக்குள் நின்றுவிட்டேன் என்று சந்தோஷப்பட்டால் மொத்தக் கலோரி வேறு கதை சொல்லும். அளக்க முடியாத இடத்தில், கல்யாணப் பந்தியிலோ கோயிலிலோ, ஒரு கரண்டி பாயசத்துக்கு 20 கிராம் சர்க்கரை என்று கூட்டியே எழுதிவிடுவேன். பந்தியில் பரிமாறுகிறவர் வாளியோடு இரண்டாம் முறை வரும்போது இலை மேல் கையை நீட்டிக் காட்டினால் போதும். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

எட்டாம் படி: ஜீனி குறைந்தும் எடை இறங்காவிட்டால்

முதல் வாரம் ஒரு கிலோ சட்டென்று இறங்கினால் அதில் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய நீர். காலையில் வெறும் வயிற்றில் தினமும் எடை பாருங்கள். ஏழு நாளின் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

மூன்று நான்கு வாரம் சராசரி அசையவில்லை என்றால் ஜீனியை இன்னும் பிழிய வேண்டாம். சோற்றைப் பாருங்கள். நாம் நெல் விளையும் மண்ணில் இருக்கிறோம். மூன்று வேளையும் அரிசிதான். ஆப்பின் ‘சுகர்’ வரியில் சோறு ஏறக்குறைய பூஜ்யம் என்று காட்டும். ஆனால் 100 கிராம் சோற்றுக்கு 130 கலோரி, அதில் 28 கிராம் மாவுச்சத்து. மத்தியானம் 400 கிராம் சோறு என்றால் 520 கலோரி. குழம்பு, ரசம், மோர் மூன்றுக்கும் மூன்று தடவை போட்டுக்கொள்கிறோம். தட்டைத் தராசில் வைத்து ஒரு நாள் பார்த்தால் தெரியும். ரசத்துக்குச் சோற்றைப் பாதியாக்கி ஒரு கரண்டி கூட்டோ பொரியலோ கூட்டிக்கொள்வதுதான் என் வீட்டில் பலித்தது. தாளிக்கும் எண்ணெயையும் ஒரு வாரம் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள்.

ஏதாவது ஒரு நாள் 80 கிராம் போய்விட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். வழக்கமான 18-க்குத் திரும்புங்கள்.

மாதம் முடிந்ததும் மறுபடி டப்பா கணக்குக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் அதே நான்கு பேருக்கு இப்போது ரேஷன் ஜீனி 2 கிலோவே மாதம் தள்ளுகிறது, ஆளுக்கு நாளொன்றுக்கு 17 கிராம் வாக்கில். கடையில் வாங்குவது பண்டிகை மாதங்களில் மட்டும்தான்.